நாட்டு மானத்தை வாங்கிய வீடு

மதுரையிலிருக்கும் எங்கள் வாழ்க்கைத் தரத்தை, இலங்கையில் வவுனியாவிலுள்ள ஒரு வீட்டோடு தினமும் ஒப்பிட்டுக் காட்டுவதற்கென்றே எங்கள் சுவரில் அரசு வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. தோற்கிற வீட்டு வாசலில் ‘நாட்டு மானத்தை வாங்கிய வீடு’ என்று பலகை மாட்டிவிடுவார்கள்.

நேற்றுக் காலை குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த அரை மணியில் பலகை, ஆணி, சுத்தியலோடு அதிகாரி வாசலில் நின்றார். என் மனைவி பாண்டிச்செல்வி அடுப்படிக்குள் புகுந்து, அந்த வவுனியா வீட்டு சிவதர்ஷினிக்குப் போன் போட்டாள்.

“தர்ஷினி, எங்க குழாய்ல சொட்டுத் தண்ணி வரல. பலகை மாட்ட ஆள் வந்துட்டாரு!”

“பொறுங்கோ அக்கா, நானும் பைப்பைப் பூட்டுறன்.”

பெட்டி ‘சமம்’ என்று காட்டியது. அதிகாரி என் கையைக் குலுக்கினார். ‘இரு நாடுகளும் ஒரே வேகத்தில் முன்னேறுகின்றன’ என்று எழுதிக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.