முதல் டோக்கன்

அன்று காலை டாக்டரம்மாவின் வரவேற்பறையில் இருந்தவர்கள்: தையல்காரர், பஸ் டிரைவர், ஓய்வு பெற்ற டீச்சர், ஒரு மாமியார், அவருடைய மருமகள், மேசைக்குப் பின்னால் நர்ஸ், முதல் டோக்கனோடு கிடங்கு சூப்பர்வைசர். ஆக ஏழு பேர்.

எண்ணியவர் சூப்பர்வைசரேதான். காலமெல்லாம் மூட்டை எண்ணிப் பழகியவர். எங்கே போனாலும் தலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.

உட்கார்ந்ததும், சுவரோரம் நின்றிருந்த மனைவியிடம் கையை நீட்டினார். "என் ஃபைல் எங்கே?"

"ஐயோ, வண்டியிலேயே இருக்குங்க."

"அதானே பார்த்தேன்! போய் எடுத்துட்டு வா. டாக்டர் வந்ததும் முதல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க."

இரண்டு மாடி. அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

சுவரில் இதயநோய் அறிகுறிகள் போட்ட படம் ஒன்று இருந்தது. தையல்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எனக்கு அதெல்லாம் மனப்பாடம்," என்றார் சூப்பர்வைசர். "தினம் எழுந்ததும் இதான் வேலை. கண்ணாடில கழுத்து நரம்பு புடைச்சிருக்கான்னு பார்ப்பேன். உதடு நீலம் பூத்திருக்கான்னு பார்ப்பேன். அப்புறம் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால ஒரு அழுத்து. விழுந்த குழி அப்படியே நின்னுதுன்னா, நீர் கோத்திருக்கு. ஹார்ட்டைக் கவனின்னு அர்த்தம்."

"உங்களுக்குக் குழி விழுதா?"

"விழ விட்டுடுவேனா?"

சும்மா இராமல், குனிந்து டிரைவரின் காலையும் அழுத்திப் பார்த்தார். டிரைவர் கூச்சத்தில் நெளிந்தார். மாமியார் அவசரமாகத் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சாக்ஸ் தடம்தான். பயப்படாதீங்க."

"டாக்டரம்மா பொழைப்புல மண்ணைப் போட்டுடுவீங்க போலிருக்கே!" என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

நேரம் போனது. ஃபைல் வரவில்லை.

"ஒரு ஃபைல் எடுக்க இவ்வளவு நேரமா?" சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார். "இப்பல்லாம் ஆமை நடை. நாலு படி ஏறினா நிக்கறா. ராத்திரி என் தலையணையையும் பிடுங்கி அடுக்கிக்கிட்டு, உக்காந்த வாக்கிலேயே தூங்கறா. கேட்டா, படுத்தா இருமல் வருதாம். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு!"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளே மணி அடித்தது. ஓடிப்போன நர்ஸ் பதற்றத்தோடு திரும்பி வந்தார்.

"டாக்டர் பின்கதவு வழியா வந்துட்டாங்க. உள்ளே ஒரு பேஷன்ட்டைப் பார்த்துட்டிருக்காங்க. நேரமாகும்."

"யாரது? டோக்கன் ஒண்ணு என் கையில இருக்கே!"

"டோக்கன் இல்லாதவங்க சார். அவசரம்."

"அப்போ நாங்கெல்லாம் பொழுது போகாம வந்து உக்காந்திருக்கோமா? வேண்டப்பட்டவங்களுக்குப் பின்கதவு, வரிசையில வந்தவன் இளிச்சவாயனா?"

"நல்லாக் கேளுங்க சார்!" என்றார் மாமியார். மருமகளும் தலையாட்டினாள். அந்த வீட்டில் இருவரும் ஒத்துப்போனது அபூர்வம்.

சூப்பர்வைசருக்கு ஆவேசம் வந்துவிட்டது. போய்க் கதவைத் தட்டினார். "முதல்ல அந்த ஆளை வெளியே அனுப்புங்க!"

கதவு பாதி திறந்தது. டாக்டரம்மா வாசலை மறித்து நின்றார்.

"கத்தாதீங்க. மாடிப்படியில உக்காந்து மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தாங்க. நான்தான் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தேன். உதடு நீலம். கழுத்து நரம்பு காது வரைக்கும் புடைச்சு நிக்குது. காலை அழுத்தினா விரல் புதையுது. இது ஒரு நாள்ல வந்த வீக்கம் இல்லை. வீட்ல இருக்கறவங்களுக்குக் கண்ணு எங்கே போச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! என்ன வீடோ, என்ன மனுஷங்களோ! அவங்க கவனிக்காம விட்டதுக்கு என் டோக்கனா பலி?"

டாக்டரம்மா அவரைப் பொருட்படுத்தவில்லை. அறையில் இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. அந்தம்மாவோட வீட்டுக்காரர் இங்கேதான் இருக்காராம். இதை அவர் கையில சேர்த்தாத்தான் சாய்ஞ்சு உக்காருவேன்னு அடம் பிடிக்கறாங்க. யாருங்க அது?"

கையிலிருந்த ஃபைலை உயர்த்திக் காட்டினார். அட்டையில் சூப்பர்வைசரின் பெயர், அவருடைய கொட்டை எழுத்திலேயே.

சூப்பர்வைசர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஏழு பேர் என்று அவர் எண்ணிய அறையிலிருந்து இரண்டு பேர் அதில் ஏறிப் போனார்கள்.

மீதி இருந்தவர்கள் ஆறு பேர்.