பதினைந்து மார்க் ஜாக்கெட்

"தங்கச்சி, பதினைஞ்சு எண்டு எழுதிக் கிடந்தால் பதினைஞ்சுதான். இது வியாபாரமில்லை."

கமலநாயகி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை.

எதிரே நின்ற பெண் அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைக் கையிலிருந்து விடவில்லை. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அளவானது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது.

"ஏழு மார்க் இருக்கு அக்கா. மகளுக்குத்தான். குறைக்க ஏலாதோ?"

கமலநாயகி அவளை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கம்பளிக் கோட்டு. கழுத்தைச் சுற்றி மென்மயிர். கடையில் வாங்கினால் முந்நூறு மார்க்குக்குக் குறையாது. இதைப் போட்டுக்கொண்டு வந்து எட்டு மார்க்குக்கு வாதாடுகிறாள்! எச்சில் கையால் காகம் கலைக்காதவர்கள் ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சன் வரைக்கும் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

உண்மையில் அன்றைய நாள் கமலநாயகியின் நாள். சண்டையில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெறுமையாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. இடம்பெயர்ந்த சனத்துக்குக் காசு சேர்க்கவேண்டும் என்று தமிழ் மன்றத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். பேசிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் சேர்த்து, தன் கராஜையே கடையாக்கியவள் இவள்தான்.

ஒவ்வொன்றிலும் விலைத் துண்டு ஒட்டினாள். ஜெர்மன்காரருக்குக் கண்ணாடிச் சாமானில்தான் கண் என்று அவற்றை வாசலில் அடுக்கினாள். பக்கத்தில் கோப்பியும் சுடச்சுடப் பொரித்த றோல்ஸும். வாசத்துக்கு வந்தவர்கள்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை. போன மாதம் கொலோன் நகரத்துத் தமிழர் நடத்திய விற்பனையை இது மிஞ்சவேண்டும், அவ்வளவுதான் அவளுடைய பிரார்த்தனை. மத்தியானத்துக்குள் முக்கால்வாசி விற்றும் போயிற்று.

"குடுத்துவிடன் கமலா. பிள்ளைக்கெண்டுதானே கேக்கிறா" என்றார் கணவர் சோதிலிங்கம். உண்டியல் டின்னுக்குக் காவல் அவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ. இவவுக்குக் குறைச்சால், பிறகு எல்லாரும் ஏழு மார்க்கோடை வந்து நிப்பினம்."

பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். சுற்றி நின்ற நாலு பேருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"அங்கை கிளிநொச்சியிலை எங்கடை சனம் மரத்துக்குக் கீழை கிடக்குது. மழையெண்டாலும் அங்கைதான், வெயிலெண்டாலும் அங்கைதான். அதுகளின்ரை வாயிலை போறதைப் பறிச்சே நாங்கள் விலை குறைக்கிறது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ."

அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டி, இருந்த இடத்திலேயே மாட்டினாள். போகவும் இல்லை. ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி வந்தாள். நேரே அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை எடுத்தாள். பேத்தி தோட்டத்தில் மண் அளையும்போது போட ஒரு பழசு வேண்டுமாம். விலைத் துண்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஐந்து விரலை விரித்துக் காட்டினாள்.

கமலநாயகியின் முகம் மலர்ந்துவிட்டது. தாராளமாக எடுங்கள் என்று ஜெர்மன் மொழியிலேயே உபசரித்தாள்.

"பிற்ற ஷேன், பிற்ற ஷேன்!"

ஐந்து மார்க்குக்கு ஜாக்கெட். பையில் போட்டுக் கொடுத்து, மேலே ஒரு றோல்ஸும் சும்மா. ஜெர்மன்காரி கையசைத்துவிட்டுப் போனாள்.

ஓரத்தில் நின்றவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததைக் கமலநாயகியும் பார்த்தாள்.

"அவ பக்கத்து வீடு. நாளைக்கு அவவின்ரை முகத்திலை முழிக்க வேண்டாமோ?" என்றாள், யாரும் கேட்காமலே.

அந்தப் பெண் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். உண்டியலடிக்கு வந்தாள். ஓர் ஐந்து மார்க் நாணயக் குற்றி, ஓர் இரண்டு மார்க் குற்றி. இரண்டையும் உள்ளே போட்டாள்.

கமலநாயகிக்கு உச்சி குளிர்ந்தது. கணவரின் காதுக்குள், "பாத்தியளே? எங்கடை ஆக்களுக்கு நாலு வார்த்தை சொன்னால்தான் உறைக்கும்" என்றாள்.

சோதிலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"பேரென்ன பிள்ளை? காசு தந்தவையின்ரை பேரைக் கூட்டத்திலை வாசிக்கவேணும்."

"பிறேமா."

"உங்களை இந்தப் பக்கம் கண்டதில்லையே?"

"அகதி முகாமிலை இருக்கிறன் அண்ணை. மகளோடை வந்து மூண்டு கிழமை. போட்ட உடுப்போடை வந்தனாங்கள். இந்தக் கோட்டும் சேர்ச்சிலை தந்ததுதான். பிள்ளைக்கு அளவானது அவையிட்டை இல்லை."

கமலநாயகி வாசல் பக்கம் பார்த்தாள். ஜெர்மன்காரியின் கதவு சாத்தியிருந்தது.

"அப்ப ஏன் பிள்ளை இருந்ததையும் உண்டியலுக்கை போட்டனீங்கள்?" என்றார் சோதிலிங்கம்.

"அக்கா சொன்ன அந்த மரத்துக்குக் கீழைதான் அண்ணை என்ரை அம்மாவும் கிடக்கிறா. காசு கொண்டுபோறவை அவவைக் கண்டால், பேத்திக்கு இங்கை குளிரேல்லையாம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ."