ஒரே சத்தம்

"வளையத்துக்குள்ளை வராதை வீரகத்தி. குண்டு மண்டையிலை பட்டால் பிணந்தான்."

"நான் ஏற்கெனவே பிணம் மாதிரித்தான் நிக்கிறன், அண்ணை. மெசினை நிப்பாட்டுங்கோ."

அப்புத்துரை நிறுத்தவில்லை. மெசினின் உச்சியில் குறுக்காக நீண்டிருந்த தண்டைப் பிடித்து வீசி இழுத்தார். தண்டின் இரு நுனிகளிலும் இருந்த இரும்புக் குண்டுகள் சுழன்றன. நடுவிலிருந்த திருகு தடாலென்று இறங்கியது. அச்சுக்குள் பழுக்கக் காய்ச்சி வைத்த தகடு, ஒரே அமுக்கில் மாட்டு மணியின் ஒரு பாதியாகக் கிடந்தது.

தண்ணீரூற்று ஊரில் வேறு எந்தக் கொல்லன் கம்மாலையிலும் இப்படியொரு மெசின் இல்லை. கொழும்பில் பழைய இரும்புக் கடையொன்றில் வாங்கி, லொறியில் ஏற்றி வந்து, ஆறு பேர் காவி இறக்கியது. அது வந்த நாளிலிருந்து அப்புத்துரையின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

வீரகத்தி கையில் கொண்டுவந்த மணியை ஓங்கி நிலத்தில் அடித்தான். மணி ஒருபக்கம் உருண்டது. அதன் நாக்கு கழன்று மறுபக்கம் போனது.

"உங்கடை இந்த மணியாலை நான் இண்டைக்கு ஊருக்குள்ளை மாட்டுக் கள்ளன்."

இப்போதுதான் அப்புத்துரை தண்டை விட்டார். கதை அவருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். முந்தநாள் இருட்டிவரும் மைமல் பொழுதில் காட்டுக்குள், இன்னும் கன்று போடாத தன் செந்நிறச் சிவலை நாகைத் தேடிப் போன வீரகத்தி, நேசமலரின் நாகைக் கொண்டுவந்து தன் பட்டியில் கட்டிவிட்டான். அதுவும் சிவலை. இரண்டுக்கும் இன்னும் குறி சுடவில்லை. விடியற்காலையில் நேசமலர் ஆட்களோடு வந்து பட்டி வாசலில் நின்று திட்டிய திட்டு, நாலு வளவு தாண்டிக் கேட்டது. வீரகத்தியின் நாகு மத்தியானம் தானாகவே வீடு வந்து சேர்ந்தது. நாளைக்கு ஊர் அதிகாரியான விதானையார் வீட்டில் விசாரணை.

"காட்டுக்குள்ளை மாட்டைக் கண்ணாலையே தேடுறது? மணிச் சத்தத்தாலைதானே தேடுறது," என்றான் வீரகத்தி. "முந்தி நீங்கள் சுத்தியலாலை அடிச்ச மணி ஒவ்வொண்டும் ஒவ்வொரு சத்தம். அரைக்கட்டை தூரத்திலை நிண்டாலும் என்ரை மாடு எது எண்டு சொல்லுவன். இந்தப் பேய் மெசின் எல்லா மாட்டுக்கும் ஒரே தொண்டையைக் குடுத்திருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நாளைக்கு வந்து அதைச் சொல்லுங்கோ. மெசின் மணியளைச் சத்தத்தாலை பிரிச்சு அறியேலாது எண்டு செய்தவர் வாயாலை சொன்னால் விதானையார் நம்புவார்."

அப்புத்துரைக்கு முகம் சிவந்தது. "சொன்னால் பிறகு ஆரடா என்னட்டை மணி வாங்குவான்? என்ரை சோத்திலை நானே மண் அள்ளிப் போடுறதோ?"

"அப்ப நான் கள்ளனாவே இருக்கிறதோ? என்ரை பெட்டைக்குக் கலியாணம் பேசியிருக்கு. மாப்பிளை வீட்டார் நேற்றே ஆள் விட்டு விசாரிச்சிட்டினம்."

"உனக்குக் காது கேக்காட்டில் என்ரை மெசினிலை பழி போடாதை."

"உங்களுக்குக் கேக்குமெல்லே? கேட்டுச் சொல்லுங்கோ பாப்பம்."

உலைத் துருத்தியை இழுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி இராசேஸ்வரி எழுந்து வந்தாள். புது நாக்குப் போடவென்று ஊரார் கொடுத்த பழைய மணிகள் ஒரு சாக்கின் மேல் கிடந்தன. எல்லாம் இந்த மெசினில் செய்தவைதான். வேலை முடிந்த இரண்டை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, அங்காலை திரும்பி நில்லுங்கோ."

அவர் முறைத்துவிட்டுத் திரும்பினார். அவள் ஒன்றை ஆட்டினாள், பிறகு மற்றதை ஆட்டினாள், பிறகு மீண்டும் ஒன்றை ஆட்டினாள்.

"இது எது?"

"முதல் ஆட்டினது."

"இல்லை. மற்றது."

மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் பிழை. தான் செய்த மணியைத் தன்னாலேயே அறிய முடியவில்லை என்ற ஆத்திரத்தில் அப்புத்துரை மெசினின் காலில் எட்டி உதைத்தார். நொந்தது அவர் கால்தான்.

"எங்கடை மணிக்காக ஒரு மனிசன் கள்ளப் பேர் சுமக்கிறதே?" என்றாள் இராசேஸ்வரி.

அவருக்கு அவள்மேல் கோபம், வீரகத்திமேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன்மேல் கோபம். திருகு சாவியை எடுத்து ஆணிகளைத் திருகிக் கழற்றினார். மணி அச்சை மெசினிலிருந்து இழுத்தெடுத்துப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார்.

"நாளைக்கு வாறன். விதானையாருக்கு முன்னாலை சொல்லுறன். இனி இதிலை மணி செய்யவும் மாட்டன். சரியோ? போ."

வீரகத்தியின் கண் கலங்கிவிட்டது. "சாகுமட்டும் மறக்க மாட்டன், அண்ணை," என்று சால்வையால் முகத்தைத் துடைத்தான்.

இராசேஸ்வரிக்கும் மனம் இளகிப்போயிற்று. கழன்ற நாக்கைத் தேடியெடுத்து அவனுடைய மணியில் மாட்டி, சாக்கின் மேல் வைத்தாள். சும்மா விடக் கூடாதென்று குசினிக்குப் போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் சாக்கிலிருந்து மணியை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

கிணுங் கிணுங்கென்று மணி வாசல் படலை வரைக்கும் போனது. அங்கே நின்றது. பிறகு வேகமாகத் திரும்பி வந்தது.

வீரகத்தியின் முகத்தில் பழைய கடுகடுப்பு ஏறியிருந்தது. கொண்டுபோன மணியைச் சாக்கில் போட்டான். அங்கே கிடந்தவற்றை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து ஆட்டினான். நாலாவது மணியைக் கையில் வைத்துக்கொண்டான்.

"மாறித் தந்திட்டியள், அக்கா. இந்தா, இதுதான் என்ரை. என்ரை மணிச் சத்தம் எனக்குத் தெரியாதோ?"