நொச்சிச் சாறு பூசிய கை

ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவை மறுநாள் காலையில் பள்ளியில் கொடுக்க வேண்டும். முன்னுரைக்கும் முன்பே முடிவுரையை எழுதிவிட்டாள் கோமதி. ‘ஆகவே, நொச்சி இலைச் சாறு பூசிய கையில் கொசு உட்காராது.’ அந்த வரிக்குக் கீழே பச்சை ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கோடுகளும் போட்டாயிற்று. சோதனை மட்டும்தான் பாக்கி. அந்தி இருட்டும் நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் போய் நின்றுகொண்டு, சாறு பூசிய கையை அவளோடு சேர்ந்து ஆய்வு செய்யும் வகுப்புத் தோழி நஸ்ரின் நீட்டினாள். எங்கிருந்தோ வந்த ஒரு கொசு இரண்டு முறை வட்டமடித்துவிட்டு, சாறு இன்னும் காயாத மணிக்கட்டில் நிதானமாக உட்கார்ந்தது.

“அடிச்சிருடி. யாரும் பாக்கல,” என்றாள் கோமதி.

நஸ்ரின் அசையவில்லை. “நாம பாத்துட்டோமே.”

“எல்லாப் புத்தகத்துலயும் உட்காராதுன்னுதான் போட்டிருக்கு.”

“போட்டவங்க யாராச்சும் கைய நீட்டிப் பாத்தாங்களாடி?”

கொசுவின் வயிறு சிவந்து உப்பிக்கொண்டே வந்தது. எங்கே பறந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள் நஸ்ரின். வயிறு நிறைந்ததும் அது தள்ளாடிக் கிளம்பிப் போனது. கடித்த இடத்தில் சிறிய தடிப்பு எழும்பியது. நஸ்ரின் அதைச் சொறியாமல், புது வளையலைக் காட்டுவதுபோல் கோமதியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கோமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த வரைவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பச்சைப் பேனாவைத் திறந்து, அந்தத் தடிப்புக்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடுகள் போட்டாள்.