வியாழக்கிழமை இடம்

அப்போது வீட்டில் இருந்தவர்கள்: நாற்காலியில் லாசர், அவன் மனைவி ரொசாலி, அவள் தம்பி பெஸ்கி. லாசரின் முழங்காலில், வலியை அளந்து ஆபரேஷன் கட்டணத்தை முடிவுசெய்ய ஆஸ்பத்திரி மாட்டிவிட்ட பேசும் பட்டையும் இருந்தது.

லாசருக்கு மூட்டு ஜவ்வு கிழிந்திருந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் வலியைக் காட்டிவிட்டால் பட்டை கட்டணத்தை ஏற்றிவிடும். நடந்தால் நொண்டும் என்பதால் அவன் நாற்காலியைவிட்டு எழுவதில்லை, முனகுவதும் இல்லை.

"நெசமாவே வலிக்கலயா மச்சான்?" பெஸ்கி வந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவரு கால் மேல ஒனக்கு என்னலே இவ்வளவு அக்கறை?" என்றாள் ரொசாலி. காரணமில்லாமல் வீடு தேடி வருகிறவன் அல்ல அவள் தம்பி.

"சரிக்கா, கெளம்புதேன். என்ன மச்சான், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்ப மாட்டீயளா? மச்சினனுக்கு மரியாதை அவ்வளவுதானா?"

லாசர் எழுந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, நொண்டாமல் வாசல்வரை நடந்தான்.

பட்டை பேசியது: "நன்றாக நடக்கிறீர்கள். உங்களுக்கு ஆபரேஷன் தேவையில்லை. வியாழக்கிழமை இடம் அடுத்தவருக்குத் தரப்படுகிறது."

"ஐயோ, வலிக்குது!" என்று லாசர் கத்தினான்.

"வலிக்கு இன்றைய கட்டணம் மூன்று மடங்கு," என்றது பட்டை.

அதே குரல் பெஸ்கியின் பேன்ட்டுக்குள், முழங்காலில் ஒளிந்திருந்த இன்னொரு பட்டையிலிருந்தும் கேட்டது: "வாழ்த்துகள். வியாழக்கிழமை உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது."

"எனக்கும் வலிக்குல்லா, அக்கா," என்றான் பெஸ்கி.

ரொசாலி அவனை வெளியே தள்ளினாள். அவன் நொண்டிக்கொண்டே முதல் படியில் கால் வைப்பதற்குள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.