கேள்விக்குறி இருந்த வரி

பாதியில் உறைந்து நின்ற கணினி நிரலுக்குள், பிழையைத் தேடும் டீபக்கர் கருவியைப் பூரணி இறக்கியிருந்தாள். நிரல் ஓடும்போதே இயந்திரம் தானாக எழுதிக்கொள்ளும் கட்டளைகளுக்குப் பெயர் கிடையாது. அந்த வரிகளில் டீபக்கர் வெறும் கேள்விக்குறிகளைக் காட்டும். அவற்றுக்குப் பெயர் சொல்வதற்கென்றே அவள் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு பதிவேடு எழுதியிருந்தாள். இன்று முதல் முறையாக, நிரல் சிக்கி நின்ற இடத்தில், கேள்விக்குறி இருந்த வரியில் ஒரு பெயர் வந்து நின்றது. அவளோடு வேலை பார்க்கும் இருதயராஜ் எழுதிய ஃபங்ஷன் என்ற நிரல் துண்டின் பெயர்.

"ரெண்டு வார்னிங் குடுத்தாச்சு. இது மூணாவது. பெட்டியக் கட்டுய்யா," என்றார் மேலாளர் மகேந்திரன், இருதயராஜிடம்.

"அது காலையிலயே ஓடி முடிஞ்சுருச்சு சார். இன்னும் எப்படி சார் அங்க இருக்கும்?" இருதயராஜ் திரையை எட்டிப் பார்த்தான்.

பூரணி மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். வேலை முடிந்த கட்டளைகளை அழித்துவிட்டு அதே இடத்தில் இயந்திரம் வேறு கட்டளைகளை எழுதும். புதிய பெயரைப் பதிவேட்டில் சேர்க்க எழுதியது நினைவிருந்தது. பழைய பெயரை நீக்க எழுதினாளா? இல்லையென்றால், வேறு கட்டளையின் தவறுக்கு இருதயராஜின் பெயர் நின்றிருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்க்க, உறைந்து கிடக்கும் இந்த நிரலை விட்டால் வேறு சாட்சி இல்லை. மறுபடி தொடங்கினால் அதுவும் அழிந்துவிடும்; மகேந்திரனோ அதற்காக மவுஸைக் கையில் எடுத்துவிட்டார்.

பூரணி மவுஸின் வயரைப் பிடுங்கினாள்.

"என்னம்மா இது? அதான் பேரே வந்துருச்சே!"

"அந்தப் பேரைச் சொல்ல வெச்சது நான் சார். பழசை அழிச்சேனான்னு எனக்கே தெரியல."

மகேந்திரன் அவள் கையிலிருந்த வயருக்காகக் கை நீட்டினார். பூரணி அதை விடவில்லை.