நாலாவது படம்

அந்தத் தீவில் அந்த ஒரே வருடத்துக்குள் ஜனாதிபதி மாறுவது இது நாலாவது தடவை. தபால் கந்தோர்ச் சுவரில் இருந்ததோ ஒரே ஒரு கண்ணாடிச் சட்டம். புதியவரின் படம் வரும்போதெல்லாம் தபாலதிபர் யோகம்மா பழையவரை எறியாமல் பின்னால் செருகி வைத்தாள். மாசியில் விரட்டப்பட்டவர் ஆனியில் மாலையோடு திரும்பியபோது, அவர் படத்தைக் குப்பையில் போட்ட பக்கத்து ஊர்த் தபாலதிபருக்கு வேலை போனது அவளுக்குத் தெரியும்.

இன்று மேலதிகாரி தர்மகுலசிங்கமே புதுப் படத்தோடு வந்து நின்றார். அதைச் சட்டத்துக்குள் பழையவர்கள் எல்லோருக்கும் முன்னால் வைத்து அவள் பின்பலகையை அழுத்தினாள். புதியவரின் கழுத்துக்குக் குறுக்கே கண்ணாடி வெடித்தது.

"வேணுமெண்டுதானே செய்தனீர்?"

"நானில்லை ஐயா. பின்னுக்கு இருக்கிறவை தள்ளுகினம்."

ஓய்வூதியத்துக்கு வரிசையில் நின்ற சனம் சிரித்தது.

"எடுத்து எறியும் அவையளை!" என்று அவர் கத்தினார்.

யோகம்மா பழைய படங்கள் மூன்றையும் உருவி, சீட்டுக்கட்டைப் போல விரித்து நீட்டினாள். "இனித் திரும்பி வரவே மாட்டார் எண்டு நினைக்கிற ஆளை நீங்களே எடுத்துத் தாங்கோ. இப்பவே கிழிக்கிறன்."

நீண்ட கை பாதியில் நின்றது. அவர் வாசலை ஒரு தரம் பார்த்தார். பிறகு மூன்றையும் வாங்கித் தானே பின்னால் அடுக்கினார். கண்ணாடி சனத்தைப் பார்த்திருக்கச் சட்டத்தை மேசையில் நிமிர்த்திப் பிடித்து, முதுகுப்பக்கம் ஆணி அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் விரிசல் கழுத்திலிருந்து வாயை நோக்கி ஏறியது.

"இன்னும் ரெண்டு போடுங்கோ, ஐயா" என்றது வரிசை.